மெய்ப்பாடும் தேயிலைத் தோட்டமும்

உள்ளத்தில் நிகழ்வது உடலின்கண் புலப்படுதலை மெய்ப்பாடு என்றனர் பண்டைத் தமிழர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என அதனை எட்டாக வகுத்த தொல்காப்பியர், ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களங்களிற் பிறக்கும் என்றார். மேனாட்டில் சாள்ஸ் டார்வின் 1872இல் வெளியிட்ட நூலொன்றில், உணர்ச்சியைக் காட்டும் முகக்குறிகளிற் பல மாந்தர் யாவர்க்கும் பொதுவானவை என்று காட்ட முயன்றார். தொல்காப்பியர் வினா இதனினும் ஒருபடி அப்பாற் செல்வது. முகம் எவ்வாறு மாறிற்று என்பதோடு அமையாது, எப்பொருள் பற்றி மாறிற்று என்றும் அவர் ஆராய்கின்றார். அச்சம் பிறக்கும் களங்களை எண்ணுமிடத்து அணங்கு, விலங்கு, கள்வர் என்பவற்றோடு தம் இறையையும் அவர் சேர்த்தமை நோக்கற்பாலது. கொடுவிலங்கின் முன் நடுங்கும் உடலும், தன் தலைவன் முன் நடுங்கும் உடலும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டன. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தையும் அதனைப் பாடிய சி. வி. வேலுப்பிள்ளையின் கவிதையையும் விளங்கிக்கொள்வதற்கு இக்குறிப்பு பெரிதும் துணைசெய்யும்.

திருக்குறளில் குறிப்பறிதல் என்னும் பெயருடைய அதிகாரங்கள் இரண்டு உள. எழுபத்தொன்றாம் அதிகாரம் அமைச்சன் அரசனது உள்ளக்கருத்தை அவன் கூறாமலே அறிதலைக் கூறுவது. நூற்றுப்பத்தாம் அதிகாரம் காதலரிடை நிகழும் குறிப்பினைக் கூறுவது. பெயர் ஒன்றாயினும் நிலை வேறு. காதலர் ஒருவரையொருவர் நோக்குகின்றனர். நோக்கும் மறுநோக்கும் அங்கே சொல்லுக்கு ஈடாகின்றன. அரசவையிலோ குறிப்பறியும் பொறுப்பு பணிபுரிபவனையே சார்கின்றது. ஆயினும் அமைச்சனுக்கு அவையில் வாய்திறக்கும் உரிமை உண்டு. அவ்வுரிமையும் இல்லாதவன் நிலை யாது?

அந்நிலைக்கு எடுத்துக்காட்டாய் அமைந்தது தோட்டம். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட காலந்தொட்டு வளர்ந்த தோட்ட முறையில், துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே கண்டக்டர், கணக்கப்பிள்ளை, கங்காணி எனப் படிகள் பல இருந்தன. துரை வருகின்றார் எனின் தலைத்துண்டைக் கழற்றுதல், வழியை விட்டு ஒதுங்குதல், கைகட்டி நிற்றல் ஆகியன முன்னாளில் தொழிலாளியின்மேற் சுமத்தப்பட்ட குறிகள். துரையின் நடையிலும் கங்காணியின் கனைப்பிலும் அன்றைய நாளின் இயல்பை அறிந்துகொள்ளுதல் அவன் பிழைப்புக்கு இன்றியமையாததாயிற்று. எழுதப் படிக்க அறியாதவன் என்று இகழப்பட்டவன், முகத்தைப் படிப்பதில் நாள்தோறும் தேர்வு எழுதினான்.

மறுபுறம் துரைமார் கற்ற தமிழ் எத்தகையது? 'இங்கே வா' என்னும் பெயரில் பெர்கூசன் என்பார் சின்னத்துரைமாருக்கென ஒரு கைந்நூலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வெளியிட்டார். 1915இல் வெல்ஸ் என்பார் 'கூலித் தமிழ்' என ஒரு நூல் எழுதினார். வேலை வாங்குதற்கு வேண்டிய தமிழைக் கற்பிப்பதே இவற்றின் நோக்கம். ஏவற்சொல்லையே நூற்பெயராகக் கொண்ட மொழியில் மறுமொழிக்கு இடம் குறைவு. எனவே மறுமொழி உடலிலே தங்கிற்று. அவ்வுடலைக் கண்டோர், குனிந்த தலையைப் பணிவென்றும், மௌனத்தை மனநிறைவென்றும் கொண்டனர். விளைவைக் கண்டு நிலைக்களத்தைக் காணாமையே இப்பிழைக்குக் காரணம். 1939, 1940ஆம் ஆண்டுகளில் மலைநாட்டில் வேலைநிறுத்தங்கள் பரவியதும், 1940 ஜனவரி 10ஆம் நாள் முல்லோயாத் தோட்டத்திற் பொலிசாரின் துப்பாக்கிக்குக் கோவிந்தன் இரையானதும், மௌனத்தின் பொருள் மனநிறைவு என்று கொண்டோர் கணக்கைப் பொய்யாக்கின.

வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றவர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்ட மக்களிற் பெரும்பாலோரைக் குடியுரிமையும் வாக்கும் இழக்கச் செய்தன. அதன்பின் 1954இல் வெளிவந்ததே தேயிலைத் தோட்டம் பற்றிய அவரது ஆங்கில நெடுங்கவிதை. அது தப்பின் ஒலியோடு தொடங்குகின்றது. திருவிழாவிற்கும் சாவுக்கும் காமன் கூத்துக்கும் வெவ்வேறு அடியில் முழங்கிய தொழிலாளியின் சொந்தக் கருவி, விடியலில் அவனையே பிரட்டுக் களத்துக்கு அழைக்கும் ஏவற்குறியாயிற்று. சொல் பிறப்பதன்முன் ஒலியைக் கேட்பித்து, அந்த ஒலியில் விடியலே திடுக்குறுவதாகப் பாடியதால், மருட்கையும் அச்சமும் நிலைக்களத்தோடு ஒருங்கே கற்பவர் உள்ளத்திற் பதிகின்றன. தேயிலையின் அடியில் மண்ணாகிப்போன முன்னோர்க்கு ஒரு நினைவுக்குறியும் இல்லை என்று கூறுமிடத்தும் கவிஞர் உரத்து அழவில்லை. இழவு இன்னதென்று காட்டினார். அழுகை கற்பவனிடத்திற் பிறந்தது.

இக்கவிதை ஆங்கிலத்தில் அமைந்தமையைக் குறையெனக் கூறுவோர் உளர். தொழிலாளி படிக்க இயலாத மொழியில் அவன் துயரைப் பாடிப் பயன் என்னை என்பர். அவ்வினா புறந்தள்ளற்பாலதன்று. ஆயினும், துரைமார் தமிழைக் கற்றது ஏவுவதற்கு. வேலுப்பிள்ளை துரைமார் மொழியைக் கையாண்டது விடையிறுப்பதற்கு. உடலில் தங்கிய மறுமொழி, அதனை அறியவேண்டியவர் மொழியிலேயே கேட்டது. ஒருதலையாய் நின்ற குறிப்பறிதல் இருதலையாயிற்று. 1969இல் சக்தீ அ. பாலையா அதனைத் 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கியபோது, அது உரியவரிடமே மீண்டு வந்தது.

வேலுப்பிள்ளைக்குப் பின் மலைநாட்டைப் பாடினோர் சிலரிடம் ஒரு குறை காணப்படுகின்றது. கூனிய முதுகு, வெடித்த விரல், நனைந்த கண் ஆகியவற்றை அடுக்குவதே மெய்ப்பாடு என்று அவர்கள் கருதினர் போலும். நிலைக்களம் காட்டப்படாத கண்ணீர் வெறும் அணியாய் முடியும். கண்டோர் இரங்குவர், காரணத்தை வினவார். துரைமாரின் பழைய பிழையே இங்கு இரக்கத்தின் உருவிற் புகுகின்றது.

இஃது இலக்கியத்தோடு முடியும் செய்தியும் அன்று. அட்டனிலும் நுவரெலியாவிலும் உள்ள மலைநாட்டுப் பாடசாலைகளில், வினாவொன்று கேட்கப்பட்டதும் எழுந்து, கைகட்டித் தலைகுனிந்து, வாய்திறவாது நிற்கும் மாணவனை ஆசிரியர் காண்பது புதிதன்று. அடக்கமுடையவன் என்று சிலர் மெச்சுவர். மந்தன் என்று சிலர் தள்ளுவர். இருவரும் கண்டது உடலை மட்டுமே. அச்சத்தின் களங்களுள் தம் இறையை வைத்த தொல்காப்பியத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், அம்மாணவன் முன் அவ்விடத்தில் நிற்பவர் தாமே ஆகலாம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கல்வியைத் தொல்காப்பியர் எண்ணியது பெருமிதம் பிறக்கும் களங்களுள். கட்டிய கைகள் நெகிழ்ந்து, தாழ்ந்த கண்கள் நிமிர்ந்து, மாணவன் ஆசிரியரை மறுவினா வினவும் நாளே அங்குக் கல்வி தன் களத்தில் நின்றது எனலாம்.