சேமிப்புப் பக்கத்தில் எழுதப்படும் செலவு

2024 அக்டோபர் கடைசியில் சென்னையில் ஒரு சவரன் 59,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. அடுத்த அக்டோபரில் அது 90,000 ரூபாயையும் கடந்தது. விலை இப்படி ஏறியதிலிருந்து நகைச் சீட்டுக்கு ஆதரவான குரல்கள் பெருகிவிட்டன. மாதம் ஐயாயிரம் கட்டி வந்தவர்களே கெட்டிக்காரர்கள், மற்றவர்கள் ஏமாந்தவர்கள் என்ற பேச்சு நிதி ஆலோசகர்களிடமிருந்தே வருகிறது. ராஜா அண்ணாமலைபுரத்திலோ மந்தைவெளியிலோ மாதச் சம்பளத்தில் ஓடும் ஒரு வீட்டின் கணக்கு நோட்டைப் பிரித்தால், வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை, மின்கட்டணம் எல்லாம் செலவுப் பக்கத்தில் இருக்கும். தியாகராய நகர்க் கடையில் கட்டும் சீட்டுத் தவணை மட்டும் சேமிப்புப் பக்கத்தில் இருக்கும். பல வீடுகளில் அந்தப் பக்கத்தில் வேறு வரியே கிடையாது. என் ஆட்சேபம் இந்த இடத்தில்தான். நகைச் சீட்டு சேமிப்பே அல்ல. வாங்கப்போகும் நகையின் விலையைப் பதினொரு மாதத் தவணையாக முன்கூட்டியே கட்டுவது அது.

அதில் நன்மை இல்லாமல் இல்லை. மாதம் தவறாமல் ஒரு தொகையை ஒதுக்கும் பழக்கத்தைச் சீட்டு உண்டாக்குகிறது. எடைக் கணக்கில் வரவு வைக்கும் திட்டங்களில், விலை ஏற்ற இறக்கம் ஓரளவு சராசரியாகிவிடுகிறது. எப்படியும் நகை வாங்கியே தீர வேண்டிய வீட்டுக்குச் சேதாரத் தள்ளுபடி உண்மையான லாபம். இவற்றை மறுக்க முடியாது.

ஆனால் இந்தச் சீட்டு ஏன் பதினொரு மாதத்தில் முடிகிறது என்று கேட்டால் அதன் உண்மையான முகம் தெரியும். 2014-இல் நடைமுறைக்கு வந்த நிறுவனங்கள் சட்டத்தின் வைப்புத்தொகை விதிகள்படி, பொருள் விற்பதற்காக வாங்கும் முன்பணத்தை 365 நாட்களுக்குள் அந்தப் பொருளுக்கு ஈடாகக் கழித்துவிட்டால் அது டெபாசிட் ஆகாது. அந்த எல்லையைத் தாண்டினால் டெபாசிட் வாங்கும் நிறுவனத்துக்குரிய கட்டுப்பாடுகள் அனைத்தும் வந்துவிடும். அதனால்தான் அதற்கு முன் நீண்டிருந்த திட்டங்களும் ஓராண்டுக்குள் சுருங்கின. அதாவது, சட்டத்தின் முன் இது சேமிப்பு அல்ல, விற்பனை முன்பணம் என்பதே கடைகளின் நிலை. வாடிக்கையாளரிடம் வரும்போது அதுவே சேமிப்புத் திட்டம் ஆகிவிடுகிறது. வங்கியில் போட்ட பணத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. நகைக்கடைக்குக் கொடுத்த முன்பணத்துக்கு அப்படி எதுவும் இல்லை. 2017-இல் சென்னையில் நாதெள்ளா சம்பத் கடைகள் மூடப்பட்டபோதும், 2023-இல் திருச்சியின் பிரணவ் ஜூவல்லர்ஸ் மூடப்பட்டபோதும் பணம் கட்டியவர்கள் கையில் அட்டையோடு வாசலில் நின்றார்கள். நம்பிக்கையான கடையாகப் பார்த்துப் போட்டால் போதும் என்பார்கள். 1872-இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் ஃபண்டை விட நம்பிக்கையான பெயர் இந்த வட்டாரத்தில் எத்தனை இருந்திருக்கும்? 2024-இல் அங்கேயே முதலீட்டாளர்கள் புகாரோடு காவல்துறையிடம் போக வேண்டி வந்தது. அது நிதி நிறுவனம், நகைக்கடை அல்ல என்பது சரிதான். பழைய பெயர் மட்டுமே பாதுகாப்பு ஆகாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கடை மூடுவதெல்லாம் அபூர்வம் என்று இதை ஒதுக்கிவிடலாம். கடை நன்றாக நடக்கும்போதும் கணக்கு உதைக்கிறது. சேதாரம் இல்லை என்பதுதான் சீட்டின் பெரிய கவர்ச்சி. கிராம் 11,250 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் எட்டு கிராம் செயினின் தங்க விலை 90,000 ரூபாய். பதினைந்து சதவீதச் சேதாரம் 13,500. அதைத் தள்ளுபடி செய்வதால் பதினைந்து சதவீத வருமானம் வந்துவிட்டதாக ஆதரவாளர்கள் எழுதுகிறார்கள். சேதாரம் என்பது நகையாக வாங்கினால் மட்டுமே வரும் செலவு. அதன் விகிதத்தை நிர்ணயிப்பதும் கடை, தள்ளுபடி செய்வதும் கடை. தங்கத்தில் முதலீடு செய்ய நினைப்பவர் தங்க இ.டி.எஃப். வாங்கினால் அந்தச் செலவே எழாது. எழவேண்டிய தேவையே இல்லாத ஒரு செலவைத் தவிர்த்ததை வருமானம் என்று எப்படி எழுதுவது? இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். பதினொரு மாத முடிவில் அட்டையில் ஆறு கிராம் சேர்ந்திருக்கிறது. பிடித்த செயின் பத்து கிராமில் இருக்கிறது. மீதி நான்கு கிராமுக்குத் தங்க விலை 45,000, சேதாரம் 6,750, அதன்மேல் ஜி.எஸ்.டி. 3 சதவீதம் என்று 53,000 ரூபாய்க்கு மேல் அன்றே எடுத்து வைக்க வேண்டும். சேர்ந்த எடைக்குத்தான் சலுகை. கூடுதல் எடைக்குக் கிடையாது. கல் வைத்த நகை, ஆன்டிக் வேலைப்பாடு என்று போனால் பல திட்டங்களில் சலுகைக்கு உச்சவரம்பும் உண்டு. சேமித்த பணத்தைக் கையில் வாங்கிவரப் போகவேண்டிய நாளில் குடும்பம் கிரெடிட் கார்டை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

விலை ஏற்றத்தைக் காட்டி வாதிடுவதும் நிற்காது. விலை ஏறியதால் வந்த லாபம் தங்கத்துக்குரியது, சீட்டுக்குரியது அல்ல. பணமாக வரவு வைக்கும் திட்டத்தில் சேர்ந்தவர்களை இதே ஏற்றம் தண்டித்தது. 2024 அக்டோபரில் கட்டிய ஐயாயிரம் ரூபாய்க்கு அன்றைய விலையில் ஒரு கிராமில் மூன்றில் இரண்டு பங்கு தங்கம் கிடைத்திருக்கும். அதே ஐயாயிரத்துக்கு அடுத்த அக்டோபரில் அரை கிராம்கூட இல்லை. கடைசியில் கடை சேர்த்துக் கொடுக்கும் ஒரு மாதப் போனஸ் அந்த இழப்பை ஈடுகட்டவில்லை. அந்தப் பதினொரு மாதமும் அவர்கள் பணம் வட்டியில்லாத மூலதனமாகக் கடைக்குப் பயன்பட்டது.

இவை எல்லாவற்றையும்விடக் குடும்பத்தைப் பாதிப்பது வேறொன்று. சேமிப்பு என்று ஒன்று இருப்பதே திடீர்ச் செலவுக்காகத்தான். ஆறாவது மாதம் வீட்டில் ஒருவரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், சீட்டில் கட்டிய முப்பதாயிரம் அன்று உதவாது. பாதியில் நிறுத்தினால் சலுகை போய்விடும். பல கடைகளில் பணமும் திரும்பாது, முதிர்வு நாளில் நகையாகத்தான் வரும். நகையை அடகு வைக்கலாமே என்பது வழக்கமான பதில். சீட்டு முடியும்வரை அடகு வைக்க நகையே கையில் இல்லை. முடிந்த பிறகும் வங்கி தங்கத்தின் மதிப்பில் ஒரு பகுதியை மட்டுமே கடனாகத் தரும். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி அறிவித்த தளர்த்தப்பட்ட விதியிலும் இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு உச்சவரம்பு 85 சதவீதம்தான். கொடுத்த ஜி.எஸ்.டி.யும் கூடுதல் எடைக்கான சேதாரமும் அந்த மதிப்பில் வராது. சொந்தச் சேமிப்பைத் தொடுவதற்கே வட்டி கட்ட வேண்டியிருந்தால் அது என்ன சேமிப்பு?

நகைச் சீட்டை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் பெண்களைப் பற்றியது. சம்பளம் இல்லாத இல்லத்தரசிக்குத் தன் பெயரில் இருக்கும் ஒரே சொத்து நகைதான், அதைச் சேர்க்கும் வழியையும் குறை சொல்லலாமா என்கிறார்கள். அவளுக்கென்று இருப்பது அந்த ஒன்றுதான் என்பதாலேயே அதை ஒரே கடையிடம் ஒப்படைக்கக் கூடாது என்கிறேன். அவள் பெயரில் வங்கியில் ஓர் ஆர்.டி. தொடங்கினால், அதுவும் மாதாமாதம் தானாகவே பிடித்துக்கொள்ளும். தவணை தவறாத ஒழுக்கம் அதிலும் உண்டு. அவசரம் வந்தால் வட்டியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அதே வாரம் பணத்தை எடுத்துவிடலாம். அவசரம் வராவிட்டால் அந்தப் பணத்தோடு பனகல் பார்க்கைச் சுற்றியுள்ள எந்தக் கடையிலும் ஏறிச் சேதாரத்தைப் பேரம் பேசலாம். விலை சரிப்படவில்லை என்றால் வாங்காமலே திரும்பியும் வரலாம். சீட்டு அட்டையோடு உள்ளே போகிறவருக்கு வாங்காமல் திரும்பும் வழி இல்லை.