காதிப் பாப்பியும் கோவிவனும்

2018 நவம்பரில் போரில் மாண்டவர் நினைவாக அணியும் பாப்பிப் பூ, கதர்த் துணியில் செய்யப்பட்டு, பிரிட்டனில் பேச்சாக இருந்தது. பிரதமர் தெரசா மே அணிந்தார். முதல் உலகப்போரில் மாண்ட 74,000 இந்திய வீரர்களுக்கு ஒருவழியாக மரியாதை வந்துவிட்டது என்றார்கள். ராணுவ ஆய்வு அமைப்பான டெல்லி யுனைடெட் சர்வீஸ் இன்ஸ்டிடியூஷனோ செண்டுமல்லியை நம் நினைவுப் பூவாக முன்வைத்தது. சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாக இறங்கும் பூ அது. பாப்பியைக் கண்ணால் பார்த்திராத ஊருக்குப் பொருத்தம்தான்.

பூ விற்ற காசு வீண்போகவில்லை. 1921 முதல் பிரிட்டனில் ஊனமுற்ற சிப்பாய்களும் விதவைகளும் அதனால் பிழைத்தார்கள். இங்கே 1949 முதல் டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலக் காகிதக் கொடியைக் குண்டூசியால் குத்திக்கொள்ளாத நாமக்கல் பள்ளிப்பிள்ளை அபூர்வம்.

பூவை மாற்றியவர்கள் பெயரைத் தொடவில்லை.

ஈராக்கின் பஸ்ரா நினைவுச்சின்னத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. இந்தியரில் அதிகாரிகளுக்கு மட்டும்தான். மற்றவர்கள் படைப்பிரிவுக்குக் கீழே வெறும் எண்ணிக்கை. நம் கிராமங்களில் அன்றைய அரசு பதித்த பலகைகளிலும் அதே கணக்கு: இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள். இத்தனைக்கும் பேரரசின் போர்க்கல்லறை ஆணையத்துக்கு வாசகம் தேர்ந்த எழுத்தாளர் கிப்ளிங் எடுத்துக்கொடுத்தது சீராக் ஆகமத்தின் வரி. மாண்டவர் பெயர் என்றும் நிலைக்கும் என்பது அதன் சாரம். வேதம் பெயருக்கு உறுதி சொன்னது, குமாஸ்தா எண்ணை எழுதினார். குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை, பெரும்பாலும் ஆப்பிரிக்கரும் மத்தியக்கிழக்கினரும் என்று 2021இல் ஆணையத்தின் அறிக்கையே ஒப்புக்கொண்டது.

கல் வெட்டத் தெரியாத மண்ணா இது? செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. விழுந்த வீரன் கருந்தேவக்கத்தி. அவன் காலடியில் நாய். இரண்டு கள்ளர்களைக் கடித்து நின்ற அந்த நாய்க்கும் பெயர் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். சேலம், தருமபுரிப் பக்கத்து எழுத்துடைய நடுகற்களும் இந்த வழிதான். அரசனின் ஆட்சியாண்டு, வீரன் பெயர், எந்தப் பூசலில் பட்டான் என்பது வரை சொல்லும். ஊர் நாய்க்குக் கிடைத்தது பேரரசின் சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை.

நம் கொடிநாளும் அந்தக் குமாஸ்தாவின் வாரிசுதான். மாவட்டத்துக்கு இவ்வளவு என்று வசூல் இலக்கு வருகிறது, ஆட்சியர் உண்டியலில் முதல் நோட்டைப் போடும் படம் பத்திரிகையில் வருகிறது. தேசியப் போர் நினைவகத்தின் சுவர்களில் 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள் 2019 முதல் இருக்கின்றன. சேலம், நாமக்கல் ஆட்களைப் பிரித்தெடுத்துப் பள்ளி வழிபாட்டுக் கூட்டத்தில் வாசிக்க ஒரு பக்கத் தாள் போதும்.