பத்து நாளில் சான்றிதழ்: மனநலச் சட்டத்தின் பத்தாம் அத்தியாயத்தைப் படித்தபோது

வழக்கமா கல்வெட்டும் ஏரிக் கணக்குமாக ஓடும் இந்தப் பக்கத்தில் இந்த முறை ஒரு சட்டத்தை வாசிக்கப் போகிறேன். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. அதிலும் பத்தாம் அத்தியாயம்தான் முக்கியமாக. மனநல மருத்துவமனை, இல்லம், காப்பகம் இவற்றைப் பதிவு செய்வதும், இன்ஸ்பெக்‌ஷன் செய்வதும், ஆடிட் செய்வதும் அதில்தான் வருகிறது.

ஏர்வாடியை மறந்திருக்க மாட்டீர்கள். 2001 ஆகஸ்ட் 6, விடிகாலை. மொய்தீன் பாதுஷா மனநல இல்லத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். சட்டம் இல்லாததால் நடந்தது என்று சொல்ல முடியாது. 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி அந்த மாதிரி இல்லத்துக்கு உரிமம் வேண்டும்; அங்கே அது இல்லை. தர்காவைச் சுற்றி இப்படிப் பல இல்லங்கள் நடந்தது ஊருக்கே தெரியும். தீ விபத்துக்கு அப்புறம் ஒரே வாரத்தில் அத்தனையையும் இழுத்து மூடினார்கள். மூட முடியும் என்றால் முன்னாடியே போய்ப் பார்த்திருக்கவும் முடியும்தானே?

2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டம் நல்ல சட்டம், அதைச் சொல்லிவிட வேண்டும். பிரிவு 95 எந்த வடிவத்திலும் சங்கிலி கூடாது என்கிறது. பிரிவு 20 இன்னும் நுணுக்கமாகப் போகிறது: கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது, விரும்பினால் சொந்த உடையை உடுத்தலாம், வேலை வாங்கினால் கூலி கொடுக்க வேண்டும். இதை எழுதியவர்கள் இந்த மாதிரி இடங்களுக்குள் போய்ப் பார்த்தவர்கள் என்றுதான் தோன்றுகிறது.

பத்தாம் அத்தியாயம் வேற யாரோ எழுதின மாதிரி இருக்கு.

பிரிவு 66-ஐப் பாருங்கள். விண்ணப்பம் வந்த பத்து நாளுக்குள் தற்காலிகப் பதிவுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதற்கு முன் எந்த விசாரணையும் தேவையில்லை. சான்றிதழ் 12 மாதம் செல்லும், புதுப்பித்தும் கொள்ளலாம். இதில் நியாயமும் இருக்கிறது. இருட்டில் நடக்கும் இல்லங்களை முதலில் பட்டியலுக்குள் கொண்டுவரணும், கெடுபிடி செய்தால் சின்ன இல்லங்கள் மூடிக்கொள்ளும், உள்ளே இருப்பவர் தெருவுக்கு வருவார். சரி. ஆனா அந்தச் சான்றிதழ் ஃபிரேம் போட்டு வாசலில் தொங்கும்போது, அண்ணனைக் கொண்டுவந்து விடுகிற தங்கைக்குத் ‘தற்காலிகம்’ என்ற சொல்லா கண்ணில் படும், அரசு முத்திரையா?

பதிவே செய்யாமல் நடத்தினால்? பிரிவு 107 படி முதல் முறைக்கு அபராதம் 5,000 ரூபாயிலிருந்து 50,000 வரை. எங்கள் பக்கத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடவோலையில் எழுதவே கூடாது. அவனுடைய உறவுக்காரர்கள் பெயரையும்தான். குடவோலையைப் பெருமையாகப் பேசுகிற நாம் இந்த வரியை அவ்வளவாகப் பேசுவதில்லை.

நிரந்தரப் பதிவுக்கு, குறைந்தபட்சத் தரங்களைப் பூர்த்தி செய்ததற்கான ‘ஆதாரம்’ கொடுக்க வேண்டும். ஆதாரம் என்றால் நடைமுறையில் காகிதம். இருபது வருஷமாக சாஃப்ட்வேரில் இருக்கிறவன் என்பதால் இது எனக்கு நல்லாவே தெரிஞ்ச உலகம். ஆடிட்டுக்கு முந்தின வாரம் சில கம்பெனிகளில் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். நடக்காத மீட்டிங்குக்கு மினிட்ஸ் பிறக்கும். ஆடிட்டர் ஃபைலைத்தான் கேட்பார் என்று தெரிந்தால் ஃபைல்தான் தயாராகும். மென்பொருளில் இதனால் ஒரு பக் தப்பிப் போகும். இங்கே தப்பிப் போவது கட்டிலோடு கட்டப்பட்ட ஒரு கை.

பிரிவு 97-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரைக் கட்டி வைக்க நேர்ந்தால் எப்படி, ஏன், எவ்வளவு நேரம் என்று உடனே மருத்துவக் குறிப்பில் எழுத வேண்டும். நல்ல விதி. ஆனால் குறிப்பு காலியாக இருந்தால்? யாரையும் கட்டவில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், கட்டியவர் எழுதவில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். லாகில் எரர் இல்லை என்பதால் சிஸ்டம் ஒழுங்காக ஓடுது என்று எந்த எஞ்சினியரும் நம்ப மாட்டார்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் ஜாயிண்ட் கமிஷன் என்ற அங்கீகார அமைப்பு 2006 முதல் முன்னறிவிப்பு இல்லாமல்தான் ஆய்வுக்குப் போகிறது. ஒரு நோயாளியைத் தேர்ந்தெடுத்து, அவர் சேர்ந்த நாளிலிருந்து எங்கெல்லாம் போனாரோ அங்கெல்லாம் ஆய்வாளரும் போவார். (அங்கேயும் ‘ஆய்வுக்குத் தயார் செய்து தருகிறோம்’ என்று ஒரு தொழிலே வளர்ந்திருக்கிறது, அது தனிக் கதை.) உலக சுகாதார நிறுவனம் 2012-இல் வெளியிட்ட குவாலிட்டிரைட்ஸ் கருவி எனக்கு இதைவிடப் பிடித்தது. அதில் ஆவணங்களைப் பார்ப்பது ஒரு பகுதி மட்டும். நோயாளிகளிடமும், குடும்பத்தாரிடமும், ஊழியர்களிடமும் பேச வேண்டும். ஆய்வுக் குழுவிலேயே மனநோயை அனுபவித்தவர்கள் இருக்க வேண்டும். குஜராத்தில் அரசு மனநல மையங்களில் இதைச் செய்து பார்த்து, தரம் உயர்ந்ததை 2019-இல் ஆய்வுக் கட்டுரையாகவே போட்டார்கள். ஆக, நம்ம ஊருக்கு ஒத்து வராது என்ற பதில் செல்லாது.

நம் சட்டத்திலும் ஒரு விதை இருக்கிறது. பிரிவு 67: மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஆடிட், ஆடிட் செய்பவர்களில் உள்ளூர்ச் சமூகத்தின் பிரதிநிதிகளும் சேர்த்தி. அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறார்கள், ஏதோ ஞாபகம் வந்து சேர்த்த மாதிரி. முன்னறிவிப்பு இல்லாமல் போக வேண்டும் என்று அந்தப் பிரிவில் இல்லை. உள்ளே இருப்பவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்றும் இல்லை.

உள்ளூர்ச் சமூகம் என்றால் யார்? எங்கள் பெருநகர் மாதிரி ஊரில் ஒரு இல்லம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எத்தனை பேருக்குப் பால் போகிறது என்பது பால்காரருக்குத் தெரியும். ராத்திரி எந்தப் பக்கம் சத்தம் வருகிறது என்பது பக்கத்துக் கொல்லைக்காரருக்குத் தெரியும். கிராம சுகாதார செவிலியருக்கு இவர்கள் இருவரையும்விட அதிகம் தெரியும். அங்கிருந்து குணமாகி வீட்டுக்குப் போனவர்களுக்குத் தெரிந்தது வேற யாருக்கும் தெரியாது. அவர்களைக் கூப்பிடும் ஆடிட்டைத்தான் நான் ஆடிட் என்று ஒத்துக்கொள்வேன்.