கூண்டிலே ஒரு சொல்!

ஆங்கிலம் பேசுவோர் நாவிலே நாள்தோறும் நடமாடும் சொல் ‘ஹோப்ஃபுலி’. எளிய வினையடை. எனினும், அரை நூற்றாண்டுக் காலம் அதனைக் குற்றவாளிக் கூண்டிலே நிறுத்தினர் இலக்கணக் காவலர் பலர். குற்றம் என்ன? சான்று என்ன? ஆராய்வோம், தோழர்களே!

‘நம்பிக்கையோடு’ என்பது அதன் பழைய பொருள். தாய் ‘ஹோப்ஃபுலி’ வாயிலை நோக்கினாள் என்றால், நம்பிக்கை ததும்ப நோக்கினாள் என்பது கருத்து. 17ஆம் நூற்றாண்டிலேயே உள்ள வழக்கு இது. 20ஆம் நூற்றாண்டிலோ, அச்சொல் வாக்கியத்தின் தலைவாயிலுக்கு வந்தது. ‘ஹோப்ஃபுலி, நாளை மழை பெய்யும்’ என்றனர் மக்கள். பெய்யுமென நம்புகிறோம் என்பது பொருள். 1961இல் வெளிவந்த வெப்ஸ்டர் மூன்றாம் பேரகராதி இப்பொருளையும் ஏற்றுப் பதிந்தது. அந்த 1960களிலேயே கண்டனக் கணைகள் பறந்தன. நம்புவதற்கு மழைக்கு நெஞ்சு உண்டோ என நகைத்தனர் காவலர்.

நல்ல கேள்வி! ஆனால், ‘ஃபார்ச்சுனேட்லி மழை பெய்தது’ என்று அவர்களே எழுதினரே, அங்கே நற்பேறு பெற்றது மழையா? ‘ஃபிராங்க்லி’ என்று தொடங்கினரே, அங்கே ஒளிவுமறைவின்றி நடப்பது வினையா, பேசுபவனா? நாமும் ‘நல்லவேளையாக மழை நின்றது’ என்கிறோம். மழை நின்ற விதத்தையா சொல்கிறோம்? சொல்பவன் கருத்தைத்தானே! ஜெர்மானியரிடம் இப்பணிக்கென்றே ‘ஹோஃபன்ட்லிஷ்’ என்ற சொல் உண்டு. உடன்பிறந்த சொற்களுக்கு உள்ளே இடம், இதற்கு மட்டும் வாயிற்படி! இதற்குப் பெயர் இலக்கணமா, ஆசாரமா?

‘அவர் ஹோப்ஃபுலி புறப்படுவார்’ என்றால் இரு பொருள் தோன்றும் என்பது ஒன்றே வலுவுள்ள வாதம். சொல்லை வாக்கியத்தின் முதலிலே வைத்தால் தீர்ந்துவிடும் குழப்பம் அது. அதற்காகச் சொல்லையே தள்ளி வைப்பதா? விதியறிந்தோர் உயர்ந்தோர், அறியாதோர் தாழ்ந்தோர் எனக் கோடு கிழிக்கவே அவ்விதி பெரிதும் பயன்பட்டது. கருத்துத் தெளிவாக இருந்தும் மாணவன் தாளிலே சிவப்பு மை பாய்ந்தது. 2012 ஏப்ரலில், அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் நடைக் கையேட்டிலிருந்த தடையை நீக்கியது. மக்கள் வழக்கு வென்றது!

வென்ற சொல்லையும் நாம் விழிப்போடு கையாள வேண்டும். ‘ஹோப்ஃபுலி, பாலம் விரைவில் முடியும்’ என்கிறார் பொறுப்பிலுள்ளவர். நம்புபவர் யார்? முடிப்பவர் யார்? எந்த நாளில்? மூன்றுக்கும் விடையில்லை. மழையைப் பற்றிப் பேசும்போது நம்பிக்கை போதும். மழை நம் கையில் இல்லை. பாலம் மனிதன் கையில் உள்ளது. செய்ய வேண்டியவன் நம்புவதாகச் சொல்லி நழுவுகிறான். இலக்கணக் காவலர் பிடித்திருக்க வேண்டிய குற்றம் இதுவே. பிடித்ததோ இடம் மாறி நின்ற சொல்லை!

கூண்டிலிருந்து சொல்லை விடுவிப்போம். அதன் நிழலிலே ஒளிபவரை ஏற்றுவோம் கூண்டிலே!