ஒரு கோட்டில் அடங்காத சொல்

ஆங்கிலத்திலிருந்து நம் பேச்சில் கலந்துவிட்ட சொற்களுள் 'லைன்' என்பது வியப்புக்குரியது. அதன் பல முகங்களையும் காணத் திருத்தணி ஒன்றே போதும். மலைமேல் முருகன் சந்நிதிக்குக் காத்திருப்போர் 'லைனில்' நிற்கின்றனர். அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் இருப்புப்பாதையும் லைன்தான். மின்கம்பியைச் செப்பனிடுபவர் 'லைன்மேன்'. தொழிலை மாற்றிக்கொண்டவரோ 'லைன் மாறிவிட்டார்'.

இத்தனை பொருளும் ஒரு நாரிலிருந்து பிறந்தவை. இலத்தீனில் 'லினும்' என்பது ஆளிச்செடி. 'லீனியா' என்பது அதன் நாரில் திரித்த நூல். நூலை இழுத்துப் பிடித்தால் கோடு. கோட்டை ஒட்டி மனிதர் நின்றால் வரிசை. நம் 'நூல்' என்னும் சொல்லும் இவ்வாறே வளர்ந்ததன்றோ? இழையைக் குறித்த அது தச்சரின் அளவுகயிற்றுக்கும், கற்கும் ஏட்டுக்கும் பெயராயிற்று. மரத்தின் கோணலை நூல் தீர்ப்பதுபோல மனத்தின் கோணலை ஏடு தீர்க்கும் என்பது நன்னூல் தரும் விளக்கம்.

இந்த வளர்ச்சியை அறியாத மொழிபெயர்ப்புகள், லைன் வருமிடமெல்லாம் 'கோடு' என்றெழுதி ஒதுங்குகின்றன. நம்மிடமோ செய்யுளுக்கு அடி உண்டு. அச்செழுத்துக்கு வரி உண்டு. குடும்பத்துக்கு வழியும் மரபும் உண்டு. தொழுகையில் தோளோடு தோள் சேர நிற்பதை 'ஸஃப்பு' என்கிறோம். அதைக் கோடென்று எவரும் சொல்லார்.

சொல் பிழைத்தால் வரலாறும் பிழைபடும். 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அங்கே சென்றது. ம.பொ.சிவஞானம் முன்னின்ற எல்லைப் போராட்டம், படாஸ்கரின் சமரசம், 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவற்றுக்குப் பின், 1960 ஏப்ரல் 1 முதல் அது சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. வரைபடத்தில் அது ஒரு கோடு. மண்ணிலோ, இருபுறமும் தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் வீடுகள். கோட்டுக்கு அகலமில்லை, எல்லைக்கோ அகலமுண்டு, அதில் மக்கள் வாழ்கின்றனர். இதனை 'எல்லை' என்னும் நம் சொல் உணர்த்துகிறது, 'கோடு' உணர்த்தவில்லை.

அவ்வாறாயின் லைனை முற்றும் விலக்கிவிடலாமா? இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளரை அடைத்துவைத்த நெடுவரிசைக் குடியிருப்புகள் 'லயன்' எனப்பட்டன; மக்கள் நாவில் 'லயம்' என்றும் ஆயின. தலைமுறைகள் பிறந்து மடிந்த அந்த ஒற்றையறைகளை 'வரிசை வீடு' என்று தூய்மைப்படுத்தினால், தமிழ் வாழும். அவர்கள் பட்ட துயர் மறையும். அங்கே அந்நியச் சொல்லே உண்மையின் சாட்சி.

ஆகவே, சொல் எந்நாட்டது என்பது மட்டும் நம் கேள்வியாக இருத்தல் போதாது. அது எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்றும் கேட்டுப் பழகுவோம். எழுதுவோர்க்கும் மொழிபெயர்ப்போர்க்கும் இதுவே அளவுநூல்.