பின்னலைக் காட்டும் கண்ணாடி: பூப்புச் சடங்கு ஒளிப்படங்களில் எதிரொளிப்பு

பாலவனத்தம் என்றவுடன் தமிழாய்வாளரின் நினைவு, 1901இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவிய அவ்வூர் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவரிடம் செல்வது இயல்பு. அவ்வூரும் அருப்புக்கோட்டை, திருச்சுழியும் அடங்கிய வறண்ட வட்டாரத்து வீடுகளில் பிறிதோர் ஆவணமும் உண்டு. பூப்பெய்திய பெண்ணைப் பூச்சடையுடன் கண்ணாடியருகே நிறுத்தி ஸ்டுடியோவில் எடுத்த படம் அது, தமிழகமெங்கும் வழங்கியதே. படத்தில் கண்ணாடியைக் கண்டதும் தன்னறிதலின் குறியீடு என வாசிப்பது திறனாய்வில் படிந்துவிட்ட பழக்கம். இப்படங்களுக்கு அவ்வாசிப்பு பொருந்தாது.

பெண் கண்ணாடிக்கு முதுகுகாட்டிக் காமிராவை நோக்கி நிற்கிறாள். கண்ணாடியில் தெரிவது அவள் முகமன்று. ராக்கொடி முதல் குஞ்சலம் வரை மல்லிகை மொட்டு வைத்துத் தைத்த பின்னல். அதனை அந்நேரத்தில் காண இயலாதவள் அவள் ஒருத்தியே. கண்ணாடி, பின்னர்ப் படத்தைப் பார்க்கவிருக்கும் சுற்றத்தாருக்காக வைக்கப்பட்டது. மொட்டு மறுநாளே வாடும். இரவல் நகை திரும்பிப் போகும். தாய்மாமன் சீராக வந்த பட்டு பெட்டிக்குள் போகும். படம் இவற்றுக்குச் சான்று. ஒரு படத்தின் செலவில் முன்னும் பின்னும் கிடைத்துவிடும் சிக்கனமும் உண்டு. மானாவாரி நிலத்தில் அதனைச் சிறு காரணமெனத் தள்ளிவிட முடியாது.

தொழில்நுட்பமும் பொருளை வகுக்கிறது. கண்ணாடிக்குள் தோன்றும் உருவம் கண்ணாடிக்கு அப்பால் இருப்பதாகவே லென்சுக்குப் படும். முகத்தில் குவியம் வைத்தால் பின்னல் மங்கும். இரண்டும் தெளிய வேண்டுமாயின் லென்சின் துளையைச் சுருக்க வேண்டும். ஒளி குறைந்த அறையில் அதற்கேற்ப நேரம் கூடும், பெண்ணும் அசையாதிருக்க வேண்டும். இப்படங்களின் விறைப்பை நாணம் என்று மட்டும் விளக்குவோர் இதனைக் கருதுவதில்லை. கண்ணாடியைச் சாய்த்து வைத்தாலன்றிப் பின்னல் அவள் உடலுக்குப் பின்னே மறைந்துவிடும். அச்சாய்வே படமெடுப்பவரையும் சட்டகத்திலிருந்து நீக்குகிறது. சடங்கு வீட்டுப் பெண்ணைக் கூர்ந்து நோக்கிய அயலாரின் தடம் படத்தில் எஞ்சுவதில்லை.

1917இல் நியூயார்க்கில் மார்செல் துஷாம்ப் எடுத்துக்கொண்ட ஐந்துருவப் படம் இதற்கு நேரெதிர். கீலால் இணைத்த இரு கண்ணாடிகளை நோக்கி அமர்ந்து, காமிராவுக்கு அவர் முதுகுகாட்டுகிறார். அங்கே பெருகுவது அவர் உருவம். ‘காமிரா இண்டிகா’ (1997) நூலில் கிறிஸ்டோபர் பின்னி ஆராயும் நாக்தா நகர ஸ்டுடியோப் படங்களிலும் ஒருவரே இருவராகத் தோன்றுவதுண்டு. நம் படத்தில் எதுவும் பெருகவில்லை. ஓருடலின் இரு பக்கங்கள் அருகருகே வைக்கப்படுகின்றன, அவ்வளவே. ‘இரட்டிப்பு’ என்னும் கலைச்சொல்லை இங்கே கையாளத் தயங்க வேண்டும்.

இன்று பின்னலைத் தனியே படமெடுத்துக் கணினியில் ஒட்டுகின்றனர். கண்ணாடி தேவையற்றுப் போயினும் இருபக்கக் காட்சி நீடிக்கிறது; ஃபிளெக்ஸ் பலகையில் தெருமுனைக்கும் வந்துவிட்டது. பழைய படங்களோ மின்னுருப் பெறுகின்றன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரித்தானிய நூலகத்தின் ஆதரவுடன் தமிழக ஸ்டுடியோப் படங்களுக்குச் செய்த பணி இவ்வகையில் முதன்மையானது. இத்தகைய பணிகள் பெருகும்போது, ‘கண்ணாடியுடன் சிறுமி’ என்னும் குறிப்பு போதாது. சடங்கும் பூவும் சீரும் பதிவில் இடம்பெற வேண்டும். சுற்றத்தாருக்கென எடுத்த முகத்தைப் பொதுவில் வைக்குமுன் உரியவரின் இசைவும் வேண்டும். அவர்களுள் பலர் இன்றும் அவ்வூர்களில் பாட்டிமாராக வாழ்கின்றனர், கேட்பது அரிதன்று.