நாற்பது நாள், பல கணக்கு

தவக்காலம் நாற்பது நாள் என்று சொல்வதில் சபைகளுக்குள் பெரிய சண்டை இல்லை. எந்தக் கிழமையில் தொடங்குவது, எதை விலக்குவது, எத்தனை மணிக்கு வாய் நனைப்பது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு கணக்கு வரும். இது நேற்று முளைத்த வேற்றுமை அல்ல. ஐந்தாம் நூற்றாண்டில் கொன்ஸ்தாந்திநோபிளில் திருச்சபை வரலாறு எழுதிய சாக்ரடீஸ் இதை வியந்தே குறித்து வைத்தார். ஓரிடத்தில் மூன்று வாரம், இன்னோரிடத்தில் ஆறு வாரம். உயிருள்ள எதையும் தொடாதவர்கள் ஒரு பக்கம், மீனை மட்டும் உண்பவர்கள் மறுபக்கம், காய்ந்த ரொட்டியோடு நிறுத்திக்கொள்பவர்கள் வேறு. இத்தனைக்கும் பெயர் மட்டும் எல்லாருக்கும் ‘நாற்பது’தான்!

ரோமை வழிபாட்டு முறையில் திருநீற்றுப் புதன் தொடங்கி உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய நாள் வரை 46 நாள். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் நாற்பது. மிலான் நகரத்து அம்புரோசிய முறையில் அந்தப் புதனே கிடையாது, ஞாயிறன்றுதான் தொடக்கம். கேரளத்துச் சீரோ மலபார் சபையார் திங்களன்றே சாம்பல் பூசி ஐம்பது நோன்புக்குள் நுழைகிறார்கள். எத்தியோப்பிய மரபுவழிச் சபையின் நோன்பு 55 நாள். அங்கே இறைச்சியோடு பாலும் முட்டையும் விலக்கு.

அதோடு ஒப்பிட்டால் இன்றைய கத்தோலிக்கச் சட்டம் மென்மையானது. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் விதிகளைத் தளர்த்தினார். ஒருவேளை மட்டும் முழு உணவு உண்ணும் ஒருசந்திக்குத் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும், இறைச்சியை விலக்கும் சுத்தபோசனத்துக்கு அவற்றோடு வெள்ளிக்கிழமைகளும் என்பது இன்றைய ஏற்பாடு. பதினான்கு வயது நிறைந்தவர்களுக்குச் சுத்தபோசனம். பதினெட்டு நிறைந்ததிலிருந்து அறுபதாம் வயது தொடங்கும்வரை ஒருசந்தி. மீனுக்குத் தடை இல்லை. ஆகவே தவக்கால வெள்ளியன்று வஞ்சிர மீன் குழம்பை ஒரு பிடி பிடித்தவரும் சட்டத்தை மீறியவர் ஆகமாட்டார். அதைத் தவம் என்று அவரே ஒப்புக்கொள்வாரா என்பது சந்தேகம்.

தட்டில் என்ன இருக்கிறது என்பதோடு நிற்காமல் மனத்துக்கும் பயிற்சி வகுத்தவர் ஆறாம் நூற்றாண்டின் பெனடிக்ட். துறவியின் வாழ்வு முழுவதுமே தவக்காலம் போல இருக்க வேண்டும், அது எல்லாராலும் ஆகாது, அதனால் இந்த நாட்களையாவது கவனமாகக் காக்கட்டும் என்பது அவர் ஒழுங்குநூலின் 49ஆம் அதிகாரம் தரும் ஏற்பாடு. உணவு, உறக்கம், பேச்சு, கேலி என எதில் குறைக்கலாம் என்பதை அவரவரே முடிவு செய்யலாம். ஆனால் அதை மடத்தலைவரிடம் சொல்லி அனுமதி பெற வேண்டும். கேட்காமல் செய்த தவம் வீண்பெருமையின் கணக்கில் போய்விடும். ஒவ்வொருவருக்கும் தவக்காலத் தொடக்கத்தில் ஒரு நூல் தரப்படும். முதல் ஏட்டிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படித்தாக வேண்டும். படிக்கும் நேரத்தில் யாராவது கதையளந்துகொண்டிருக்கிறார்களா என்று பார்க்க மூத்த துறவிகள் சுற்றி வருவார்கள். மனிதரை நன்றாக அறிந்தவர் பெனடிக்ட்.

நோன்பு விதிகளுக்கு எதிர்ப்பு எழுந்ததும் ஒரு சாப்பாட்டு மேசையில்தான். 1522ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் சூரிச் நகர அச்சகத்தார் கிறிஸ்டோஃப் ஃபிரோஷவர் வீட்டில் சிலர் தொத்திறைச்சி உண்டார்கள். உடனிருந்த சீர்திருத்தவாதி சுவிங்லி தாம் உண்ணவில்லை. ஆனால் உணவைத் தேர்ந்துகொள்வது கிறிஸ்தவரின் உரிமை என்று பிரசங்கம் செய்து, அதை அச்சிலும் கொண்டுவந்தார். லுத்தரன், ஆங்கிலிக்கன் சபைகள் தவக்காலத்தை விட்டுவிடவில்லை. நம்மூர் சி.எஸ்.ஐ. சபைகளில் லெந்து நாட்களின் கனம் பிரசங்கத்திலும் பாடுகளின் தியானத்திலும் விழுகிறது. பெரிய வெள்ளியன்று மூன்று மணிநேரம் சிலுவையின் ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் ஆராதனை அவர்களுக்கு முக்கியம். அதன் வேரைத் தேடினால் பெரு நாட்டு லிமாவில் இயேசு சபைக் குரு அலோன்சோ மெசியாவிடம் போய் நிற்கிறோம். கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் பாடுகளைப் பற்றித் தமிழில் எழுதிய வியாகுலப் பிரசங்கமோ ஈழத்துக் கத்தோலிக்கரின் தவக்காலத்தோடு ஒட்டிக்கொண்டது.

இத்தனை மரபுகளையும் உரசிப் பார்க்க ஒரு கல் வேண்டுமென்றால், நோன்பால் மிச்சமான காசு எங்கே போனது என்று கேட்கலாம். இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹெர்மாஸின் ‘மேய்ப்பர்’ நூலே இதைக் கேட்டுவிட்டது: அன்று உண்ணாத உணவின் விலையைக் கணக்கிட்டு, விதவைக்கோ அனாதைக்கோ இல்லாதவருக்கோ கொடுத்துவிட வேண்டும். நாட்கணக்கைவிட இந்தக் கணக்கு கடினம், ஏனெனில் இதில் தொகை தெரிந்துவிடும். இந்தியாவில் காரித்தாஸ் இந்தியா தவக்காலத்தில் பசிக்கும் நோய்க்கும் எதிரான இயக்கம் நடத்தி நிதி திரட்டுகிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் அலன்டவுனில் 1975இல் தொடங்கிய ‘ரைஸ் பவுல்’ திட்டத்தில் வீட்டுக்கு வீடு ஓர் அட்டைப்பெட்டி வைத்துச் சேமிக்கிறார்கள். சேர்வதில் கால்பங்கு அந்தந்த மறைமாவட்டத்திலேயே பசிப்போருக்குப் போகிறது. மீதி பிற நாட்டுப் பணிகளுக்கு.